ஆரத்தியில் நிற்கும் டிஸ்க்

டப்பாவில் கேக் இல்லை சார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கண்டக்டர்கூட, "என்ன தம்பி, யாருக்குப் பொறந்தநாளு?" என்று கேட்டுவிட்டுப் போனார். டிவிடி பிளேயர். மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கீழே வைத்தால் அதிரும், அதிர்ந்தால் உள்ளே லென்ஸ் நகர்ந்துவிடும். மேலே வைக்கலாம், ஆனால் யாராவது கத்தரிக்காய் மூட்டையைத் தூக்கி இதன் மேல் போட்டுவிடுவார்கள். உங்கள் காலில் இடிக்கிறதா? சரி, சரி. நன்றாக உட்காருங்கள்.

மதுரைக்குத்தான். தங்கைக்குக் கொண்டுபோகிறேன். வேணி என்று பெயர். கிருஷ்ணவேணி. அங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். லேப் டெக்னீஷியன் கோர்ஸ். ரத்தம் எடுப்பதெல்லாம் எப்படி என்று டிஸ்க் கொடுத்திருக்கிறார்களாம். ஹாஸ்டலில் டிவி இருக்கிறது, பிளேயர் இல்லை. "வீட்ல சும்மாதான கெடக்கு, கொண்டு வாண்ணே" என்றாள். சும்மாதான் கிடக்கிறது. ஆனி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் இதைத் தொடுவதில்லை.

ஆனி மாதத்திலிருந்து என் அப்பா வேணியோடு பேசுவதும் இல்லை. அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அவள் போன் பண்ணினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எல்லாம் இந்தப் பெட்டியால் வந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்பாவும் மகளும் பிரிய ஆயிரம் காரணம் இருக்கும். எங்கள் வீட்டில் டிவிடி பிளேயர்.

வாங்குவதாக இருந்தால் இந்த மாதிரி மட்டும் வாங்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கலுக்குப் பொருட்காட்சி போடுவார்கள் இல்லையா, அங்கே வாங்கியது. பெரிய கம்பெனிப் பெயர் மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து படித்தால் ஒரு எழுத்து மாறியிருக்கும். கூடவே பாடுவதற்கு ஒரு மைக் கொடுத்தான். மைக்கைச் சொருகினால் படத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் கிணற்றுக்குள் இருந்து பேசுவார்கள். கேரண்டி கார்டில் ஒரு நம்பர் இருந்தது. மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

முதல் மாதம் முழுக்க எல்லாப் படமும் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி, அதில் கேபிள் கலராக வரும், டிஸ்க் போட்டால் மட்டும் கறுப்பு வெள்ளை. அப்பா, "இருக்கட்டும்டா, பழைய படம் பாக்குற மாதிரி கண்ணுக்கு எதமா இருக்கு" என்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எறும்பு எழுத்து, அதுவும் ஒரு மாதிரி இங்கிலீஷ். வயரை மாற்றிப் பார்த்தேன், டிவியைத் திறக்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஒருநாள் தானாகவே கலர் வந்துவிட்டது. வேணி அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும்போது எதுவோ அமுங்கியிருக்கிறது. சில நேரம் அப்படி அதிர்ஷ்டம் அடிக்கும்.

எனக்கு ஏன் தாங்கவில்லை என்றால், நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் சார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். எங்கள் தெருவுக்கும்தான். அப்பா ஸ்பின்னிங் மில். டிகிரி வாங்கியதிலிருந்து யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் காலேஜில் சொல்லித் தரவில்லை என்றால், "அப்பறம் மூணு வருசமா என்னத்தத்தான் படிச்ச?" என்பார்கள். நான் இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அங்கேயும் மைக் செட் நின்றால் என்னைத்தான் பார்ப்பார்கள். இந்த மெஷின் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அப்பா மெஷினைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். அப்போதெல்லாம் என் டிகிரியை யாரோ திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு டிஸ்க் இருக்கிறது. வேணி வயசுக்கு வந்தபோது மண்டபத்தில் சடங்கு வைத்தோம். எங்கள் வீட்டில் நடந்த ஒரே பெரிய விசேஷம் அதுதான். எங்கள் தாய்மாமா அப்போது நன்றாக இருந்தார். மேளம் வைத்து, வரிசையாகத் தட்டு தூக்கிக்கொண்டு சீர் வந்தது. மண்டப வாசலில் நுழைகிற தட்டு நுழைந்துகொண்டே இருக்கும். அதைக் கேசட்டில் எடுத்து, பிறகு டிஸ்க்காக மாற்றி வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு அந்த டிஸ்க் என்றால் உயிர். வேணிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, "வாரவுகளுக்கு மொதல்ல அதப் போட்டுக் காட்டணும். மில்லுக்காரன் வீடுதானேன்னு நெனச்சிட்டு வருவாக. நமக்குப் பின்னாடி எத்தன சனம் இருக்குன்னு கண்ணால பாக்கட்டும்" என்றார். அதில் தப்பு இல்லையே சார். எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்வதுதான்.

டிஸ்க்கும் நன்றாக இருக்கும். ஸ்டுடியோக்காரர் ரொம்ப மெனக்கெட்டிருந்தார். வேணியின் முகத்தை ஆப்பிளுக்குள் வைத்திருப்பார். அன்னப்பறவை மேல் உட்கார்ந்து வருவாள். தாஜ்மகாலில் இருந்து எட்டிப் பார்ப்பாள். பட்டுச்சேலை, சடை நிறையப் பூ, பதின்மூன்று வயசுப் பிள்ளை என்று சொல்ல முடியாது, கல்யாணப் பெண் மாதிரியே இருப்பாள். சிரிக்க மட்டும் மாட்டாள். அது அப்போது கால் பரீட்சை நேரம், லீவு போட வேண்டியிருந்தது, அந்தக் கோபம். சின்னப் பிள்ளைதானே.

தை மாதம் இந்தப் பேச்சு எடுத்தபோது வேணி அப்பாவிடம், மதுரையில் லேப் டெக்னீஷியன் படிக்கட்டுமா என்று கேட்டாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் தைத்துக்கொண்டிருந்தாள். மார்க் எல்லாம் நல்ல மார்க்தான், உண்மையைச் சொன்னால் கணக்கில் என்னைவிட அதிகம். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேரைக் காலேஜுக்கு அனுப்ப முடியுமா? அவளே, "அண்ணன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். படிப்பில் அவளுக்குப் பெரிய ஆசை இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. என் காலேஜ் புத்தகத்தை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படிப்பாள், அது பொழுது போவதற்கு.

"ரத்தமும் மூத்திரமும் ஒரு படிப்பாடி?" என்று அம்மா கேட்டாள். அப்பா, "கல்யாணத்த முடிச்சிருவோம். போற வீட்ல படிக்க வச்சா படி" என்றார். வேணி எழுந்து தைக்கப் போய்விட்டாள். எங்கள் அப்பாவிடம் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அவர் அடிக்கவோ திட்டவோ மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

முதலில் கோவில்பட்டியில் இருந்து வந்தார்கள். மாசி மாதம். நல்ல கூட்டம். எல்லோருக்கும் பாய் விரித்து, டிஸ்க்கைப் போட்டோம். சீர் வருகிறது, மாமா மாலை போடுகிறார், எல்லாம் ஓடுகிறது. ஆரத்தி எடுக்கிற இடம் வந்தது. எங்கள் அத்தைமார் தட்டைத் தூக்கி வேணியின் தலைக்கு மேலே கொண்டுவந்தார்கள். அங்கே நின்றுவிட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, தட்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், வேணியின் முகம் பாதி. நான் ரிமோட்டை அமுக்குகிறேன், தட்டுகிறேன், அசையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காபியை வாயருகே கொண்டுபோனவர் கீழே வைத்துவிட்டார்.

"சுத்தாம நின்னுபோச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "சகுனம் சரியில்லன்னு நெனைக்காக. ஆரத்தி தலைக்கு மேல நின்னா எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்?" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்குச் சாயங்காலம் வேணி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, அது ஏன் சரியா அங்க போய் நின்னுச்சு?" என்றாள். நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு தட்டை எடுத்துச் சுற்றிக் காட்டினேன். டிஸ்க் இப்படிச் சுற்றும், லேசர் உள்ளே இருந்து வெளியே படித்துக்கொண்டே வரும். ஒரு கடுகை எடுத்துத் தட்டில் வைத்து, இந்த இடத்தில் ஒரு தூசி இருந்தால் போதும், லேசர் அங்கே வந்ததும் தடுமாறி நின்றுவிடும் என்றேன்.

"அப்ப எங்க நிக்கணும்ங்கிறது தூசி இருக்கிற எடத்தப் பொறுத்ததா?"

"ஆமா."

"நம்ம ஆரத்தி எந்த எடத்துலண்ணே வரும்?"

டிஸ்க்கையே எடுத்து விரலால் தொட்டுக் காட்டினேன். ஏறக்குறைய இங்கே என்று. கண்ணை எடுக்காமல் கேட்டாள் சார். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அப்படிக் கவனித்ததில்லை. டிஸ்க்கில் தூசி படியாமல் இருக்க வேண்டும் என்று அவளுக்கும் புரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு யாராவது பெண் பார்க்க வந்தால் அன்று காலையில் அவளே டிஸ்க்கை வாங்கித் துடைத்து வைப்பாள். "நீ வேற வேலையப் பாருண்ணே, இத நான் பாத்துக்கிறேன்" என்பாள். எனக்கு ஒரு பாரம் குறைந்தது.

அவள் அந்த மாதிரிப் பெண். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். ரொம்ப அப்பாவி. அந்தச் சமயம் பேன்சி ஸ்டோரில் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கம் இல்லை, சரி, ஆசைப்பட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டோம். பார்த்தால் அதில் நிறமே இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். திருப்பிக் கொடுத்து வருகிறேன் என்றேன், "பரவால்லண்ணே, இருக்கட்டும்" என்றாள். இப்படி ஒரு பிள்ளையை எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் எப்படிப் பிழைக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்து சாத்தூர்க்காரர்கள். அதே இடம். தட்டு தலைக்கு மேலே, கட்டம் கட்டமாக. இந்தத் தடவை மாப்பிள்ளையின் பெரியம்மா நேராகவே கேட்டார்: "இது இப்படித்தான் நிக்குமா, இல்ல எங்களுக்காக நிக்குதா?" அவர்கள் போன பிறகு நான் வேறு நாலு டிஸ்க் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஓடுகிறது. அன்று ராத்திரி வேணி இதைத் துடைத்து வைத்தாள். மறுநாள் இதையே போட்டேன். ஆரத்தி சுற்றி முடித்து, அன்னப்பறவை வரைக்கும் முழுதாக ஓடுகிறது! இதை எந்தப் பிசிக்ஸில் சார் படிப்பது? பெண் பார்க்க வந்தால் மட்டும் நிற்கிற மெஷின்.

அம்மா ஆயுத பூஜைக்கு அப்பா வைத்த சந்தனத்தைச் சந்தேகப்பட்டாள். அப்பா அந்த டிஸ்க் வைக்கிற தட்டை இழுத்து அதிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார், மில்லில் மெஷினுக்கு வைக்கிற மாதிரி. நான் ஊதி, துடைத்து, பஞ்சு வைத்து எடுத்தேன். லென்ஸ் துடைக்கிற டிஸ்க் ஒன்று விற்கிறான், அதையும் வாங்கி ஓட்டினேன்.

வைகாசியில் எட்டயபுரத்தில் இருந்து வந்தார்கள். இந்தத் தடவை நான் விடவில்லை. முதல் நாளே போட்டு முழுதாகப் பார்த்தேன். ஒரு தடங்கல் இல்லை. காலையில் வேணி வழக்கம்போலத் துடைத்து வைத்தாள். அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆரத்தி. தட்டு. நின்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். "அட, சகுனமாவது மண்ணாவது! மெஷின்னா நிக்கத்தான் செய்யும். நமக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு" என்று சிரித்தார். அப்பாடா என்றிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியையும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேணி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காபி கொண்டுவரச் சொல்கிறார் போல என்று நான் அவளுக்கு ஜாடை காட்டினேன். அவள் நகரவே இல்லை.

அப்பா அவர்கள் பக்கம் திரும்பி, "இல்லைங்க, எங்க வீட்டுப் பொம்பளைக மனசு சங்கடப்படும். கொஞ்ச நாளு போகட்டும்" என்றார். அம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை சார். அம்மாவே திகைத்துப் போய்ப் பார்த்தாள். கையில் வந்த சம்பந்தம். அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த மெஷின் அவர் மனதையும் கெடுத்துவிட்டது.

இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே டிஸ்க்கை உள்ளேயே வைத்து இதே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். வேணி ஓடிவந்து, "டிஸ்க்க வச்சிட்டுப் போண்ணே, தொடச்சுத் தாரேன்" என்றாள். "தொடைச்சதெல்லாம் போதும்மா, அப்படியே காட்டுனாத்தான் அவங்களுக்கு என்னன்னு தெரியும்" என்றேன். அப்பாகூட, "விடுடா, எதுக்கு இத்தன அலைச்சல்? நிக்கிறது நின்னுட்டுப் போகட்டும்" என்றார். அவருக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில் சர்வீஸ் பண்ணுகிறவர் இருந்தார். போட்டுப் பார்த்தார், டிஸ்க்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல தம்பி. டிஸ்க்ல பாருங்க, பொட்டு மாதிரி."

எனக்குத் தெரியவில்லை. அவர் சாய்த்துக் காட்டியதும் தெரிந்தது. கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு, காய்ந்து போய் மினுங்கியது.

"பிசின் மாதிரி இருக்கு. வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா?"

"இல்லைங்க. எல்லாரும் பெரியவங்க."

"அப்ப யாரு இதத் தொடுவாங்க?"

"என் தங்கச்சி மட்டும்தான். சுத்தமாத் தொடச்சு வைப்பா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரியேதான். பிறகு எதையோ தொட்டு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "எதுக்கும் இதப் பென்டிரைவ்ல ஏத்தித் தாரேன். ஒங்க பிளேயர்ல போடுற எடம் இருக்கு. அதுல தூசியும் ஒட்டாது, பிசினும் ஒட்டாது" என்றார். எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சந்தனம் என்றால் நிறம் இருக்கும். அப்பா சட்டையில் ஒட்டி வருகிற பஞ்சு அப்படி மினுங்காது. வேணியிடமே கேட்டேன். "பல்லியா இருக்கும்ணே" என்றாள். இருக்கலாம்.

ஆனி மாதம், ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எங்கள் பெரிய அத்தை திருமங்கலத்தில் இருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். அன்று காலையில் வேணி வந்து டிஸ்க்கைக் கேட்டு வாங்கினாள். அப்போதுதான் நான் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

"இனிமே தொடைக்க வேண்டியதே இல்ல வேணி. எல்லாம் பென்டிரைவ்ல இருக்கு."

அவள் கையில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

"எங்கண்ணே வச்சிருக்க?"

"சட்டப் பையில."

"குடேன், பாத்துட்டுத் தாரேன்."

கொடுக்கவில்லை. சின்னச் சாமான் சார், கை தவறினால் எங்கே என்று தேடுவது? குளிக்கப் போகும்போதுகூட அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

அவர்கள் வந்தார்கள். போட்டேன். சார், ஓடியது பாருங்கள்! அந்த மாதிரி இந்த மெஷின் அதற்கு முன்பு ஓடியதே இல்லை. சீர் வந்தது, மாமா வந்தார், ஆரத்தித் தட்டு தலைக்கு மேலே வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், தட்டு சுற்றியது. மூன்று சுற்று. பொட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆப்பிள், அன்னப்பறவை, தாஜ்மகால். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே குஷி. "ஏ, வாத்து மேல வருது பாரு!" என்று மாப்பிள்ளையின் தம்பி சிரித்தான். செல்போனை எடுத்து டிவியையே போட்டோ பிடித்தான், அவ்வளவு பிடித்துவிட்டது அவனுக்கு. மாப்பிள்ளையும் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். நான் அப்பாவைப் பார்த்தேன், இன்றைக்காவது என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுவார் என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "இன்னொரு தடவ போடுப்பா. எங்க மச்சான் வெளிய வெத்தல போட்டுட்டு நின்னுட்டாரு, அவரு பாக்கல" என்றார். நான் ரிமோட்டை எடுத்தேன்.

வேணி அடுப்படியில் இருந்து வந்தாள். நேராகச் சுவர்ப் பக்கம் போய் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பிக் கும்பிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம். நான் படிக்கணும். ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல."

சத்தம்கூட உயரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை சபையில் வந்து பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க பஸ் ஏறியிருக்க மாட்டோமே. படமெல்லாம் போட்டுக் காட்டுனீக, பாத்துட்டுப் போறோம்" என்றார். அத்தை வாசல்வரை அவர்கள் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொன்னார். திரும்பி வந்து, "மகளக் கேக்காம எங்கள எதுக்குடா கூட்டியாரச் சொன்ன?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு அவரும் போய்விட்டார்.

அப்பா என் கையில் இருந்த ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "எங்க வேணாலும் போகச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். என்னிடம்தான் சொன்னார்.

போய்விட்டாள். ஆடி மாதம் அட்மிஷன் கிடைத்தது. தரகர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. டீக்கடையில், "பொண்ணு சபையில வந்து சொல்லிருச்சாம்ல?" என்று என்னையே கேட்கிறார்கள். நாளைக்கு எனக்குப் பெண் பார்த்தாலும் இதைத்தான் கேட்பார்கள். நான் யாரைக் குறை சொல்ல? நிற்கக் கூடாத நாளெல்லாம் நின்றது. ஓடக் கூடாத ஒரு நாள் பார்த்து ஓடியது. அன்றைக்கும் வழக்கம்போல நின்று தொலைத்திருந்தால் அவர்களும் சகுனம் என்று போயிருப்பார்கள், இவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள், அப்பாவும் இன்றைக்கு அவளோடு பேசிக்கொண்டிருப்பார். இவ்வளவு மட்டமான மெஷினை நான் பார்த்ததில்லை சார்.

இதைக் கேளுங்கள். இன்று காலையில் இதை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து நின்றார். "மதுரைக்கா?" என்றார். "ஆமாப்பா, வேணி கேட்டா" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கையில் இருந்த சணல் கயிற்றை வாங்கி அவரே கட்டினார். நெடுக ஒன்று, குறுக்க ஒன்று. மில்லில் பஞ்சுப் பேல் கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு. கட்டி முடித்தும் கயிற்றை விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"ஏண்டா, நீ படிச்சவன்தான? அன்னைக்கு ஒரு நாளு அத ஓடாமப் பண்ணியிருக்கக் கூடாதா? புள்ளைய வாயத் தொறந்து சொல்ல வச்சிட்டியேடா."

சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு எப்படி இருக்கும்? எத்தனை பஸ், எத்தனை லீவு, இதைச் சரிபண்ண நான் அலைந்தது அவருக்குத் தெரியாதா? சரிபண்ணினதற்குத் திட்டுகிற மனுஷரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? காரியாபட்டி தாண்டுகிறவரை என் நெஞ்சு ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவும் கொட்டிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம்.

என்ன சார்? வேணியிடமா? இதை அப்படியே அவளிடம் சொல்லச் சொல்கிறீர்களா?

இல்லை சார். அவளுக்கு வருத்தமாக இருக்கும். அப்பா இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் அழுதுவிடுவாள். போன இடத்தில் நிம்மதியாகப் படிக்கிறாள். நான் எதையும் மாற்றிச் சொல்கிறவன் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது பொய் ஆகாது, இல்லையா? பெட்டியைக் கொடுப்பேன். எந்த வயர் எங்கே என்று காட்டிக் கொடுப்பேன். "அப்பா ஏதாச்சும் சொன்னாராண்ணே?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள், கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.